பதினொன்றாம் பாடத்தின் துண்டுச் சீட்டு

என் பிரிவுபசார விழாவில் நீங்கள் சொன்ன கதையை நான் மறுத்திருக்க வேண்டும். கழுத்தில் சால்வை, கையில் கேசரித் தட்டு, எதிரே அலுவலகமே திரண்டு நிற்கிறது. உங்களில் ஒரு பெண் மைக்கைப் பிடித்து, "மகாபலிபுரம் ஓட்டல்ல எல்லாரும் கையப் பிசைஞ்சுட்டு நின்னப்போ, நம்ம சார் பத்தே நிமிஷத்துல தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாரு" என்றாள். கைதட்டல் அடங்கவே நேரமானது. நான் சிரித்துக்கொண்டே கேசரியைத் தின்றேன்.

இங்கே சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில் இந்தக் கதை சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். சொல்லச் சொல்ல அது வளர்ந்தும் விட்டது. போன வருடம் ஒருவன் அந்தப் பத்து நிமிஷத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டான். வேலையை விட்டாயிற்று, இனி எனக்கு இழக்க ஒன்றுமில்லை. ஆகவே பழையவர்கள், புதிதாக வந்திருப்பவர்கள் என உங்கள் எல்லாருக்கும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது எப்படி என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. அது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதிலும் எனக்கு உங்கள் மேல் பொறாமைதான். ஒரு பாடம் புரியவில்லை என்றால் கைபேசியில் அடுத்த வாத்தியாரிடம் தாவிவிடுகிறீர்கள். எங்களுக்கு ஒரே புத்தகம், ஒரே சிடி பெட்டி, ஒரே வாத்தியார்.

அப்போது நம் கம்பெனி நாவலூரில் இல்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசியும் கம்ப்யூட்டர்களுக்காகத்தான், எங்களுக்காக அல்ல. தொண்ணூறுகள் முழுக்க அந்த மாடிக்கு நான்தான் ராஜா. அரிசி ஆலையின் சரக்கு இருப்பு, பள்ளிக்கூடங்களின் மதிப்பெண் பட்டியல், மருந்துக்கடை பில் என்று எது வந்தாலும் கறுப்புத் திரையில் எழுதிக் கொடுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். என் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் குனிந்தே இருந்தவர். "என் புள்ள கம்ப்யூட்டரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்களில் என் ராஜாங்கம் ஆட்டம் கண்டது. வருகிறவர்கள் எல்லாரும் இன்டர்நெட்டில் ஓடுகிற மாதிரி வேண்டும் என்றார்கள். முதலாளி ஒருநாள் சென்னைக்குப் போய், தலையணை கனத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகமும் பன்னிரண்டு சிடிகள் கொண்ட ஒரு பெட்டியும் வாங்கி வந்தார். வெப் அப்ளிகேஷன் எழுதக் கற்றுத்தரும் முழுப் பாடத்திட்டம். புத்தகத்தில் இருக்கிற அதே பாடங்களை அதே வாத்தியார் சிடியில் செய்து காட்டுவார். முதலாளி என்னையும், என்னோடு நிரல் எழுதிக்கொண்டிருந்த எஸ்தரையும் கூப்பிட்டு மேஜைமேல் இரண்டையும் வைத்தார். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர், அதனால் என்னை அண்ணாத்த என்பார்.

"பழைய மாதிரி ப்ரோக்ராம் இனிமே எவனும் கேக்க மாட்டான் அண்ணாத்த. நாவலூர்ல புது ஆபீஸ் போடப்போறேன். உங்க ரெண்டு பேர்ல யாருக்கு இது நல்லா வருதோ அவங்கதான் அங்க லீடு. இன்னொருத்தர் இங்கியே டேட்டா என்ட்ரி பாத்துகினு இருக்க வேண்டியதுதான். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்ச தூக்கிவெச்சுக்கக் கூடாது."

எனக்கு முப்பத்தைந்து வயது. டேட்டா என்ட்ரியில் இருந்தவர்கள் எல்லாரும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கும் என் முதுகை நான் அப்போதே மனதில் பார்த்துவிட்டேன்.

எஸ்தருக்கு இருபத்து நான்கு. அவள் அப்பா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தார், அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீடு. பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் என்பதால் என்னை அண்ணே என்பாள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. அதனால் சிடி பெட்டி அவளுக்கு, புத்தகம் எனக்கு என்று முதலாளி பிரித்தார். வாரம் முழுக்க அவரவர் பங்கைப் படிக்க வேண்டும், படித்ததை ஒரு லாங்சைஸ் நோட்டில் குறிப்பெடுக்க வேண்டும், திங்கட்கிழமை காலையில் நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்படி இருவருக்கும் முழுப் பாடமும் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான், எங்கள் இருவரில் ஒருத்தர் நானாக இல்லாதிருந்தால்.

என் பொறாமைக்கு ஒரு பட்டியலே போடலாம். அவள் வீட்டு கம்ப்யூட்டர். அவள் இங்கிலீஷ். அவளுக்கு வாத்தியார் பேசுகிறார், எனக்கு அவர் புத்தகத்தின் பின்னட்டையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். அவள் பச்சை மையில் எழுதுகிற குண்டு குண்டான எழுத்து. அவள் குறிப்பில் எதையும் விடமாட்டாள். "இங்க சார் ரெண்டு தடவ இருமுறாரு, அதுக்கப்புறம் சொல்றதுதான் முக்கியம்" என்றுகூட எழுதியிருப்பாள். வீடியோ பார்க்க முடியாதவனுக்கு வீடியோவையே எழுதிக் கொடுத்தாள் என்று இப்போது சொல்ல வருகிறது. அப்போது, தன்னிடம் சிடி இருப்பதைக் காட்டிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நான் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறுவேன். காலையில் கூட்டமெல்லாம் சென்னைப் பக்கம் போகும், நான் எதிர்ப்பக்கம். ஜன்னல் சீட் கிடைக்கும். மடியில் புத்தகம், அதன் மேல் டிக்‌ஷனரி. தமிழ் மீடியத்தில் படித்தவன், ஒரு பத்தியை மூன்று முறை படித்தால்தான் உள்ளே இறங்கும். அப்படிப் படித்ததால் இறங்கியது இறங்கியபடியே நின்றது. அதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் இத்தனை கெட்டுப்போயிருக்க மாட்டேன்.

பதினொன்றாம் பாடம் வந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை, எஸ்தர் ஒரு சின்னப் பக்கம் செய்து காட்டினாள். பேரைத் தட்டி பொத்தானை அமுக்கினால், "வணக்கம்" என்று அந்தப் பேரோடு பதில் வந்தது. இன்று இதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார்.

"இன்னாமா இது, பேரெல்லாம் சொல்லிக் கூப்புடுது! நாவலூருக்கு நீதான் போ. அண்ணாத்த, இன்னா சொல்ற?"

"நல்லா கீது சார்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்று மாலை ரயிலில் புத்தகத்தைத் திறந்தபோது ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு மடியில் விழுந்தது. பதிப்பகத்தார் செருகி வைத்த திருத்தம். பதினொன்றாம் பாடத்தில் வீடியோவில் காட்டியபடி செய்ய வேண்டாம், பயனரின் விவரங்களை எல்லாருக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்தால், இரண்டு பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும்போது ஒருவர் விவரம் மற்றவரோடு கலந்துவிடும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வையுங்கள் என்று அதில் இருந்தது. ஓட்டல் கவுண்டரில் ஒரே சிலேட்டு இருக்கிறது என்று வையுங்கள். முதல் ஆள் பேரை எழுதி முடிப்பதற்குள் இரண்டாம் ஆள் அதை அழித்துத் தன் பேரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? அதேதான். தனியாக உட்கார்ந்து செய்து பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. வாத்தியாரும் தனியாகத்தான் செய்து காட்டியிருக்கிறார்.

சீட்டைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டில் பதினொன்றாம் பாடத்தை எழுதினேன். எல்லாம் எழுதினேன், அந்தத் திருத்தத்தைத் தவிர. கடைசியில் நான்கு வரி இடம் காலியாக விட்டேன். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள அந்த இடம் உதவியது. சீட்டை மடித்து சீசன் டிக்கெட் கவரில் வைத்தேன். திங்கட்கிழமை எஸ்தர் நோட்டை வாங்கிக்கொண்டு, "அண்ணே, உங்க குறிப்பப் படிச்சப்புறம்தான் எனக்கு அந்த வீடியோவே புரியுது" என்றாள். இதையும் நான் நம்பவில்லை.

அடுத்த மாதமே மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதிக்காரர் எங்களிடம் வந்தார். அறைகளை இன்டர்நெட்டிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றார். அறைகளின் படங்களும் விவரங்களும் என் பொறுப்பு, பதிவு செய்கிற பகுதி எஸ்தர் பொறுப்பு. அவள் வீடியோவில் பார்த்தபடியே எழுதினாள். பேர், தேதி, அறை எண் எல்லாம் அந்த ஒரே சிலேட்டில்.

பதிவுப் பக்கத்தைத் திறப்பதற்கு முந்தின நாள் முதலாளி என்னிடம் வந்தார்.

"அண்ணாத்த, பொண்ணு எழுதுனத ஒருவாட்டி பாத்துடு. நீ பாத்து ஓகே சொன்னாத்தான் நான் ஓட்டல்காரன்கிட்ட பேசுவேன்."

சீட்டை மறைத்தது பொறாமையில் செய்த அற்பத்தனம். அடுத்து நான் செய்ததை அப்படித் தள்ளிவிட முடியாது. என் எதிரில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் இன்னொன்று சும்மா இருந்தது. எஸ்தரை அதில் உட்கார வைத்து, "நீயும் அமுக்கு, நானும் அமுக்குறேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும். தப்பு அங்கேயே வெளியே வந்திருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தே, என் கம்ப்யூட்டரில் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாகப் பதிவு செய்து பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

"சரியா கீது சார்," என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் அண்ணே" என்றாள்.

ஏதோ சின்னக் குழப்பம் வரும், விடுதிக்காரர் போன் செய்து திட்டுவார், அவள் கொஞ்சம் தலைகுனிவாள் என்பதுதான் என் கணக்கு. ஒரு நிரலின் அந்தப்பக்கம் ஆள்கள் இருப்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. அரிசி மூட்டையையும் மதிப்பெண்ணையுமே பார்த்து வந்தவன்.

அரையாண்டு விடுமுறை தொடங்கியது. பதிவுகள் குவிந்தன. முதல் சனிக்கிழமை காலையில் விடுதி மேனேஜர் போன் செய்து கத்தியதில், முதலாளி எங்கள் இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை எஸ்தர் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

விடுதி வரவேற்பறையில் ஒரே கூச்சல். மேனேஜர் முதலாளியின் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க? கீழ் ரூம் கேட்டவன மேல போட்டுகீது, மேல கேட்டவன கீழ போட்டுகீது, பேரு ஒருத்தருது, தேதி இன்னொருத்தருது! பேஜாரா பூட்ச்சு சார். இந்தப் பெரியவர பாருங்க."

பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் மகள் வேலூரிலிருந்து கூட்டி வந்திருக்கிறாள். கீழ்த்தள அறை கேட்டுத்தான் பதிவு செய்தாள். வந்து பார்த்தால் அவர் பேரில் மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அவருடைய கீழ்த்தள அறையில் வேறு ஒரு குடும்பம் முதல் நாளே வந்து இறங்கி, பூட்டிக்கொண்டு சிற்பங்களைப் பார்க்கப் போயிருந்தது. மகள் கத்திக் கத்திக் களைத்துப்போய் நின்றாள். பெரியவர் மட்டும், "வுடும்மா, வூட்டுக்கே பூடலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதுனது இத?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்," என்றாள் எஸ்தர். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அப்போது கூட எனக்கு, இப்படிச் சொல்ல இவளால் எப்படி முடிகிறது என்றுதான் தோன்றியது.

நான் கவுண்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும். அந்த வரிகளுக்கு நேராகப் போனேன், பொதுவில் இருந்ததைத் தனித்தனியாக மாற்றினேன். பத்து நிமிடம். உங்கள் கதையில் வருகிற அந்தப் பத்து நிமிடம் இதுதான். பிறகு மேனேஜரோடு உட்கார்ந்து, கலந்துபோன பதிவுகளை ஒவ்வொருவருக்கும் போன் செய்து நேராக்க மத்தியானம் ஆனது. அதை உங்கள் கதையில் யாரும் சொல்வதில்லை. பெரியவருக்கு அறை காலியாகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதுவரை அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

"எப்புடி அண்ணாத்த புடிச்ச?" முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எழுதுன பொண்ணுக்கே தெரியல, உனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சே!"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் முந்திக்கொண்டாள். "அண்ணன் குறிப்புல எழுதியிருப்பாரு சார். நான்தான் சரியா பாக்காம விட்டிருப்பேன். தப்பு என் பேர்லதான்."

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். முதலாளி இருந்தார், மேனேஜர் இருந்தார், பெரியவரின் மகள் இருந்தாள். சட்டைப் பையில் சீசன் டிக்கெட் கவர் இருந்தது. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பும் வழியில் அவள் என் நோட்டைத் திறந்தாள். பதினொன்றாம் பாடத்தின் தொடக்கத்திலிருந்து விரலை வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைசியில் அவள் விரல் அந்த நான்கு வரி வெற்றிடத்தில் நின்றது. பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணுபுரத்தில் இறங்கும்போது, "வர்றேன் அண்ணே" என்றாள். எப்போதும் சொல்வது போலவே.

நாவலூருக்கு நான் போனேன். கிளம்புகிற அன்று எஸ்தர் என் நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். "அங்க புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்றாள். அடுத்த வருடம் அவளும் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பிறகு பார்க்கவில்லை. நோட்டை நான் மேஜையின் அடி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். முதல் முறையாக மூன்று பேருக்குப் பாடம் எடுக்க வேண்டி வந்தபோதுதான் வேறு வழியில்லாமல் வெளியே எடுத்தேன்.

பதினொன்றாம் பாடத்தின் கடைசியில் இருந்த நான்கு வரி இடம் காலியாக இல்லை. சீட்டில் இருந்த விஷயம் முழுவதையும், சீட்டைப் பார்க்காமலேயே, தானாகப் புரிந்துகொண்டு எழுதியிருந்தாள். பச்சை மை, குண்டு எழுத்து. கீழே ஒரு வரி: "இது விட்டுப்போயிருக்கு அண்ணே, சேத்துட்டேன். ரெண்டு பேரா உக்காந்து சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

அதைப் படித்தபோது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான். முதலில் வந்தது பொறாமை. இப்படி ஒரு வரி எழுத எனக்கு ஏன் வரவில்லை என்ற பொறாமை. நான் மறைத்தது அவளுக்குத் தெரியுமா, அல்லது நிஜமாகவே விட்டுப்போனது என்று நம்பினாளா? இருபது வருடத்துக்கு மேல் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. விசாரித்து ஒரு போன் செய்யவும் துணிச்சல் வரவில்லை.

இங்கே எந்த வேலையும் வெளியே போகுமுன் இரண்டு பேர், இரண்டு கம்ப்யூட்டரில், ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேனே, உங்களில் பலர் என்னை முதுகுக்குப் பின்னால் கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் என்னுடையது அல்ல. அவள் எழுதிய வரி அது.

நோட்டையும் அந்த மஞ்சள் சீட்டையும் இத்தோடு வைத்திருக்கிறேன். சீட்டு மடிப்பில் கிழிந்திருக்கும், பார்த்து எடுங்கள். உங்களில் யாருக்காவது பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து வயிறு எரிந்தால், அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் எரிகிறது. ஆனால் அன்றைக்கு மட்டும் யாராவது உங்களிடம் அவர் வேலையைச் சோதிக்கக் கொடுத்தால், எனக்கு மனசு சரியில்லை, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்று வந்திருந்தால் ஒரு பெரியவர் அரை நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இனி அந்தக் கதையைச் சொல்லும்போது என் பேரை எடுத்துவிட்டு எஸ்தர் என்று சொல்லுங்கள். அடுத்த விழாவுக்கு என்னையும் கூப்பிடுங்கள், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். அவள் பேருக்கு நீங்கள் கைதட்டும்போது எனக்கு வயிறு எரியும். எரியட்டும்.